உதவி: படகு மோட்டார் பத்து நிமிசத்துல நின்னு போவுது

குளத்தாங்கரை:
அண்ணாச்சிமாரே, அவசரம். படகுல டீசல் இன்ஜினைக் கழத்திட்டு பேட்டரி மோட்டார் வச்சேன். பத்து நிமிசம் நல்லா ஓடுது, அப்புறம் படக்குன்னு நின்னுருது. பேட்டரி ஃபுல்னு காட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுது. அப்பா ராத்திரி அதுலதான் படுக்காங்க, நடுக்குளத்துல நின்னா அவங்களால துடுப்பு போட முடியாது. என்ன செய்ய?

முக்கூடல்22:
எத்தனை வோல்ட்? எத்தனை கிலோவாட்? என்ன பேட்டரி? படகு எத்தனை அடி? ஒண்ணுமே சொல்லலையே.

ஆத்தங்கரையான்:
அமலைதான், ஆகாயத்தாமரைன்னு சொல்லுதாங்களே அது. வேர் ப்ரொப்பல்லர்ல சுத்துனா மோட்டார் ஆம்பியரை இழுக்கும், மோட்டாருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துத கன்ட்ரோலர் கட் பண்ணிரும். சேரன்மாதேவி பக்கம் நான் அருவாளை வச்சு அறுத்துத்தான் எடுத்தேன்.

குளத்தாங்கரை:
22 அடி ஃபைபர், உவரியில பழசா வாங்குனது. மேல ஓலைக்கூரை, உள்ள கட்டிலு, அடுப்பு. குளம் மீன்பாசி குத்தகை, காவலுக்குத்தான் படகு. 48 வோல்ட், 3 கிலோவாட், லித்தியம் 100 ஆம்பியர் அவர். அமலை இல்லை, ப்ரொப்பல்லரைத் தூக்கிப் பாத்தாச்சு.

ராதாபுரம் டீசல்:
தம்பி, கணக்குத் தெரியாம இறங்குனா இப்படித்தான். இதை இங்க எத்தனை தடவை சொல்லிருக்கேன், யாரு படிக்கா? பழைய இன்ஜின் 10 எச்.பி. இருக்கும். 3 கிலோவாட்னா வெறும் 4 எச்.பி. மோட்டார் திணறுது, அவ்வளவுதான். இன்ஜினைத் திரும்ப மாட்டுங்க.

முக்கூடல்22:
குளத்துல மெதுவாப் போக 4 எச்.பி. தாராளம் அண்ணாச்சி. வேகத்தைப் பாதியாக் குறைச்சா ஏறக்குறைய எட்டுல ஒரு பங்கு பவர் போதும். வைக்கத்துல ஆதித்யா படகு 75 பேரை ஏத்திக்கிட்டு 2017லேருந்து சோலார்ல ஓடுது.

ராதாபுரம் டீசல்:
அது அரசாங்கம் விட்ட படகு. குத்தகைக்காரர் அந்தச் செலவைத் தாங்குவாரா?

ஆத்தங்கரையான்:
அமலை இல்லாத குளம் கிடைச்சவங்க கொடுத்து வச்சவங்க. ஆத்துல சாக்கடை விழுத வரைக்கும் அமலை போவாது.

முக்கூடல்22:
சாக்கடை மட்டுமா? வயல்ல போடுத யூரியாவும்தான் வடிஞ்சு வருது.

ஆத்தங்கரையான்:
விவசாயி தலையிலேயே எல்லாத்தையும் கட்டாதீங்க.

பேட்டை வயர்மேன்:
அதை அப்புறம் பேசலாம். தம்பி, நின்ன உடனே திரும்ப ஓடுதா, இல்ல ஆறணுமா? கேபிள் முனையில போல்ட்ல மாட்டுத வளையம் இருக்குல்லா, அந்த லக்கை எதை வச்சு அமுக்குனீங்க? ஃப்யூஸ் இருக்கா?

குளத்தாங்கரை:
கால் மணி நேரம் ஆவும். லக்கை சுத்தியல்ல தட்டுனேன். ஃப்யூஸ் இல்லை, வீட்டு ட்ரிப் சுவிட்ச், எம்சிபி ஒண்ணு போட்டிருக்கு. அது ட்ரிப் ஆவலை.

பேட்டை வயர்மேன்:
வோல்டேஜ் இறங்கி கட் ஆனா, ஆக்சிலரேட்டரை விட்டதுமே ஏறிரும். ஆறுன பொறவுதான் ஓடுதுன்னா சூடு. முழு வேகத்துல 60 ஆம்பியர் போவும். ஓடும்போதே மல்டிமீட்டரை டிசியில வச்சு, ஒரு முனை கேபிள் செம்புல, இன்னொண்ணு கன்ட்ரோலர் போல்ட்ல. 0.1 வோல்ட்டே அதிகம். 1 வோல்ட் விழுந்தா 60 வாட், 25 வாட் சால்டரிங் அயர்ன் ரெண்டை அந்த லக்குல சொருவி வச்ச மாதிரி. அந்தச் சூடு போல்ட் வழியா கன்ட்ரோலருக்குள்ள ஏறும். வீட்டு எம்சிபி ஏசிக்கு உள்ளது. டிசியில பொறி விழுந்தா சட்டுனு அணையாது. பேட்டரி ப்ளஸ் பக்கத்துலயே டிசி ஃப்யூஸ் போடுங்க. தலைக்கு மேல காஞ்ச ஓலை தம்பி. இன்னைக்கு ராத்திரி அப்பாவை அதுல படுக்க விடாதீங்க, கையெடுத்துக் கேக்கேன்.

ஆத்தங்கரையான்:
வயர்மேன் சொல்லுதது சரி. படகுல ஒரு வாளி மணலும் வைங்க.

குளத்தாங்கரை:
0.9 வந்துச்சு. சிவப்பு கேபிள்ல லக்கை ஒட்டி உறை காப்பிக் கலர்ல வெந்துபோய், நகம் பட்டா உதிருது. டவுன்ல ஹைட்ராலிக்ல அமுக்கி வாங்குனேன். முக்கால் மணி நேரம் ஓட்டியாச்சு, நிக்கலை. அப்பா கரையிலதான் படுத்திருக்காங்க. ஃப்யூஸ் வந்த பொறவு ஏத்துதேன். ரொம்ப நன்றி வயர்மேன் அண்ணாச்சி.

ராதாபுரம் டீசல்:
சார்ஜ் எங்க போடுதீங்க? கரையில கரண்ட் இருக்கா, இல்ல பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்களா?