ஸ்காபரோ பேஸ்மென்ற்: தெரிஞ்ச ஆக்கள் எண்டு நம்பிப் போறதோ, பேப்பர் எழுதிப் போறதோ?

வன்னிமகள்:
எல்லாருக்கும் வணக்கம். புதுசா வந்த குடும்பங்களுக்கு வீடு தேடிக் குடுக்கிற வேலையில நான் கொஞ்சம் ஓடித் திரியிறனான். போன கிழமை ஒரு வீட்டுக்குப் போனன். தாய் தகப்பன் ரெண்டு சின்னப் பிள்ளையள், அகதி வழக்கு இன்னும் முடியேல்லை, மூண்டு வருசமா ரொறன்ரோ ஸ்காபரோவில ஒரு ரெண்டு அறை பேஸ்மென்றில, அதுதான் வீட்டின்ர நிலத்தடித் தளத்தில, 1,400 டொலருக்கு இருக்கினம். வீட்டுக்காரர் எங்கட ஆள்தான். தன்ர தம்பி சுவிஸில இருந்து வாறார், மாசக் கடைசிக்குள்ள எழும்புங்கோ எண்டு வாட்ஸப்பில ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். நான் போகேக்க அந்தத் தாய் குந்தியிருந்து கறுப்பு குப்பை பாய்க்குக்குள்ள பள்ளிக்கூட உடுப்புகளை அடுக்கிக்கொண்டு இருக்கு. "அக்கா அவர் பாவம், ஆரும் வீடு தராத நேரம் தந்தவர், எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது" எண்டு என்னைக் கேக்குது. மூண்டு வருசமும் காசாக் குடுத்திருக்கினம், ஒரு ரிசீற் இல்லை, லீஸ் எண்ட வாடகை ஒப்பந்தப் பேப்பர் இல்லை. அதே பேஸ்மென்ற் 1,900 எண்டு விளம்பரம் போட்டிருக்கிறதை நான் என்ர கண்ணால பாத்தன்.

நான் சொல்லுறது இதுதான், லீஸ் எழுதித் தராத வீட்டுக்கு எங்கட சனத்தை அனுப்புறதை நாங்கள் நிப்பாட்ட வேணும்.

மார்க்கம்வாசி:
தங்கச்சி, அந்தக் குடும்பத்துக்கு நடந்தது பிழை, அதில எனக்கு மறு கதை இல்லை. ஆனால் நீங்கள் சொல்லுற வழி சரிவராது. எனக்கும் ஸ்காபரோவில ஒரு வீடு இருக்கு, மேலயும் கீழயும் வாடகைக்கு விட்டிருக்கிறன். 2022 தொடக்கத்தில 0.25 வீதமா இருந்த பாங்க் ஒஃப் கனடா வட்டி 2023 யூலையில 5 வீதத்துக்குப் போனது, என்ர மோட்கேஜ், வீட்டுக் கடன், வேரியபிள், வட்டியோட சேந்து ஏறுறது, மாசம் 1,100 டொலர் கூடிட்டுது, நான் ரெண்டாவது வேலைக்குப் போய்த்தான் கட்டினனான். அந்த நேரம் பாத்து கீழ இருந்தவர் ஏழு மாசம் ஒரு சதம் தரேல்லை, கேஸ் போட்டு ஆர்டர் எடுத்து முடிக்க ஒரு வருசத்துக்கு மேல போட்டுது. எனக்கு ஆர் குடுத்தது அந்தக் காசை?

பேப்பர் எண்டு தொடங்கினால் நானும் பேப்பர் கேப்பன், கிரெடிட் ரிப்போட், ஜொப் லெற்றர், பழைய வீட்டுக்காரற்ற கடிதம் எல்லாம். நேற்று பியர்சன் எயார்போட்டில வந்து இறங்கினவையிட்ட இதில ஒண்டும் இல்லை. இன்னாற்ற மருமகள், ஊரில எங்கட ஒழுங்கை எண்டு ஒராள் சொல்லித்தான் அவைக்கு வீடு கிடைக்குது. அந்த வழியை அடைச்சுப்போட்டு வேற எந்த வழியைத் திறக்கப் போறியள்?

பழைய வெலஸ்லி:
மார்க்கம்வாசி சொல்லுறதில உண்மை இருக்கு. 1989 இல நான் வரேக்க சென் ஜேம்ஸ் ரவுனில ஒரு அறை அப்பார்ட்மென்றில எட்டுப் பேர். நைட் ஷிப்ட் போறவன்ர மெத்தையில டே ஷிப்ட் போறவன் படுப்பான். ஆரும் ஒருத்தரிட்டயும் லீஸ் கேக்கேல்லை, நம்பிக்கையிலதான் நாங்கள் எல்லாரும் இந்த நாட்டில காலூன்றினது. ஆனால் ஒண்டு, அப்ப வாடகை ஏறினாலும் பக்கத்துக் கட்டடத்தில இடம் இருந்தது, கோ-ஓப் எண்ட கூட்டுறவு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தவை. 90களில மத்திய அரசு புதுக் கோ-ஓப்புக்குக் காசு நிப்பாட்டினது, 1995 இல மாகாணமும் நிப்பாட்டினது, அதோட அந்தக் கதவு பூட்டிட்டுது. இப்ப வருமானத்தில 30 வீதம் கட்டுற சப்சிடி வீட்டுக்குப் பேர் குடுத்தால் பத்து வருசத்துக்கு மேல காத்திருக்க வேணும். பிள்ளை பள்ளிக்கூடம் முடிச்சுப் போடும்.

கிளினிக் தொண்டர்:
நான் ஒரு லீகல் கிளினிக்கில மொழிபெயர்ப்புக்கு நிக்கிறனான், லோயர் இல்லை. வன்னிமகள் அக்கா, அந்தக் குடும்பத்தை எழும்ப வேண்டாம் எண்டு இண்டைக்கே சொல்லுங்கோ.

ஒன்ராறியோ சட்டத்தில சொந்தப் பாவனைக்கு எண்டு எழுப்புறதெண்டால் வீட்டுக்காரர், அவற்ற மனுசி, பிள்ளையள், ரெண்டு பக்கத்துத் தாய் தகப்பன், இல்லாட்டி இவையைப் பராமரிக்கிற ஆள் வந்து இருக்க வேணும். தம்பி அதுக்குள்ள வராது, சுவிஸில இருந்து வந்தாலும் வராது. வாட்ஸப் மெசேஜ் நோட்டீஸே இல்லை. என் 12 எண்ட படிவத்தில 60 நாள் அவகாசம் குடுக்க வேணும், ஒரு மாச வாடகையும் அவைக்குக் குடுக்க வேணும். அதைக் குடுத்தாலும் எல்ரிபி எண்ட வாடகைத் தீர்ப்பாயம் ஆர்டர் போட்டு, ஷெரிப் எண்ட கோர்ட் அலுவலர் வந்தால்தான் ஆக்களை வெளியில விடலாம், வீட்டுக்காரர் தானே பூட்டை மாத்த ஏலாது.

லீஸ் இல்லாட்டியும் வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான், அதை நம்பாமல்தான் கனபேர் பாய்க்கைத் தூக்கிக்கொண்டு போறவை. எழுத்தில லீஸ் கேட்டால் 21 நாளுக்குள்ள தர வேணும். ரிசீற் கேட்டால் சும்மா எழுதித் தரத்தான் வேணும். அந்த பேஸ்மென்ற் 2018 நவம்பர் 15க்கு முதலே வாடகைக்கு விட்டதெண்டால், 2025 இல கூட்டியிருக்கக் கூடியது 2.5 வீதம், 1,400க்கு 35 டொலர். 2026க்கு 2.1 வீதம். 1,900 எல்லாம் ஆளை எழுப்பிப்போட்டு எடுக்கிற விலை.

இன்னொண்டு முக்கியம், எழும்பச் சம்மதம் எண்டு என் 11 படிவத்தை நீட்டினால் கையெழுத்து வைக்க வேண்டாம். அதில வைச்சுப்போட்டு அழுதுகொண்டு வாற ஆக்கள்தான் என்னட்ட கூட.

கோவைக்காரன்:
நான் தமிழ்நாடு, இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஃபேமிலியோட ஒரு வீட்ல ரெண்டு ரூம் எடுத்து இருக்கோம், ஓனரும் அதே வீடுதான், கிச்சன் ஒண்ணுதான். இந்த என் 12 எல்லாம் எங்களுக்கும் உண்டா அண்ணா?

கிளினிக் தொண்டர்:
இல்லை தம்பி. ஓனரோ அவற்ற மனுசி பிள்ளையள் தாய் தகப்பனோ அங்கயே இருந்து குசினியோ பாத்ரூமோ உங்களோட பங்கு போட்டால் அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. அதனால குசினியும் பாத்ரூமும் தனியா இருக்கிற இடமா பாருங்கோ, சின்னனா இருந்தாலும் பரவாயில்லை.

கோவைக்காரன்:
இதை யாருமே சொல்லல. நூறு டாலர் கம்மின்னு இங்க வந்தோம், பொண்ண ஸ்கூல்லயும் சேத்தாச்சு. இது தெரிஞ்சிருந்தா அந்த நூறக் கொடுத்துட்டு வேற இடம் போயிருப்பேன்.

மார்க்கம்வாசி:
தம்பி கிளினிக், இதையெல்லாம் வாசிக்கிற வீட்டுக்காரர் என்ன செய்வார் எண்டு யோசிச்சனீங்களோ? பேஸ்மென்றைப் பூட்டி வைப்பார், இல்லாட்டி நல்ல கிரெடிட் உள்ள தனி ஆளுக்குக் குடுப்பார். ரெண்டு பிள்ளையோட வந்த குடும்பம்தான் றோட்டில நிக்கும். பாதுகாப்புக்கு ஆறு மாசக் காசு முன்னுக்குத் தாங்கோ எண்டு கேட்டால் அதுவும் சட்டப் பிழையாம்.

வன்னிமகள்:
அண்ணை, அந்த ஆறு மாசம் எங்கயிருந்து வருது எண்டு தெரியுமே? தாலிக்கொடி அடகுக்குப் போகுது, இல்லாட்டி ஊரில காணி ஈடு வைக்கினம். வெல்பெயார் எடுக்கிற நாலு பேர் குடும்பத்துக்கு வாடகைக்கெண்டு ஒன்ராறியோ குடுக்கிறது கூடினால் 756 டொலர். மிச்சத்துக்கு தகப்பன் விடிய நாலு மணிக்கு ஏஜென்சி வான் பிடிச்சு பேக்டரிக்குப் போறார். உங்கட வட்டி ஏறினது உண்மை, உங்கட கஷ்டமும் உண்மை. ஆனால் வட்டி ஏறினால் உங்களிட்ட விக்க ஒரு வீடு இருக்கு. அவையிட்ட அந்தக் கறுப்பு பாய்க்குதான் இருக்கு.

மார்க்கம்வாசி:
வித்தால் வாங்கிறவர் அந்தக் குடும்பத்தை வைச்சிருப்பார் எண்டு நினைக்கிறியளோ? அப்பவும் அவைதான் எழும்ப வேணும்.

கிளினிக் தொண்டர்:
அண்ணை, ஒரு மாசத்துக்கு மேல டெபாசிட் கேக்கிறதுதான் பிழை, அந்த ஒரு மாசமும் கடைசி மாச வாடகைக்குத்தான் போகும். ஆனால் கிரெடிட் இல்லாத ஆளுக்குப் பொறுப்பாளர் ஒராளைக் கேக்க உங்களுக்கு இடம் இருக்கு. இன்னாற்ற மருமகள் எண்டு சொல்லி விடுற ஆள் அந்த லீஸில ஒரு கையெழுத்தும் வைக்கலாம்தானே? நீங்கள் சொல்லுற நம்பிக்கை அப்ப பேப்பரில வந்திடும். கனடாவில கிரெடிட் இல்லை, முந்தி வாடகைக்கு இருக்கேல்லை எண்டதை மட்டும் வைச்சு வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது எண்டு ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவும் சொல்லுது.

வாடகை பிந்தினால் ரொறன்ரோ றென்ற் பாங்க் இருக்கு. திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு, நேரா வீட்டுக்காரற்ற கைக்கே வரும். வருமானம் பாப்பினம், வாடகைக்கு இருக்கிற ஆள்தான் விண்ணப்பிக்க வேணும்.

பழைய வெலஸ்லி:
பொறுப்புக் கையெழுத்து நான் வைப்பன். ரெண்டு குடும்பத்துக்கு என்னால ஏலும். அதுக்கு மேல என்ர பென்சன் தாங்காது.

மார்க்கம்வாசி:
பொறுப்பாளர் எண்டால் நான் லீஸ் எழுதுவன். ஆனால் எல்லா வீட்டுக்காரரும் எழுதுவினம் எண்டு நான் நம்பேல்லை, உந்தக் கதையில நான் மாறேல்லை.

மற்றது கிளினிக் தம்பி, அந்த றென்ற் பாங்க். இப்ப கீழ இருக்கிற பெடியன் ரெண்டு மாசம் பிந்திட்டான், பேக்டரியில ஆள் குறைச்சுப் போட்டினம், மனுசிக்கு இது எட்டாம் மாசம். நான் இன்னும் நோட்டீஸ் குடுக்கேல்லை. அவன் எங்க கூப்பிட வேணும்?

கிளினிக் தொண்டர்:
311 எண்ட நகரசபை நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்கோ அண்ணை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேக்கலாம். வாடகை எவ்வளவு, எத்தினை மாசம் பாக்கி எண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோ. லீஸ் இருக்கோ?

மார்க்கம்வாசி:
இல்லை. இண்டைக்கு இரவு எழுதிக் குடுக்கிறன்.