ஸ்விஃப்டுக்கு டர்போ: எதைப் போடலாம்? ஈசியு மாற்றணுமா? (அவசரம்)

கோவை_வேகம்:
வணக்கம் நண்பர்களே. என் ஸ்விஃப்டுக்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) போடுவதென்று முடிவு பண்ணியாச்சு. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் ஒரு டர்போ வைத்திருக்கிறார், 9,000 ரூபாய் சொல்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். கூடவே ஒரு சிப் போட்டால் போதும், ஈசியுவை (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) தொடவே வேண்டாம் என்கிறார். எடுக்கலாமா? எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வைக்கலாம்? ஏசி போட்டுக்கொண்டு வால்பாறை ஏறினால் வண்டி திணறுகிறது, அதற்காகத்தான். சீக்கிரம் சொல்லுங்கள்.

திருச்சி_தேவா:
எந்த ஸ்விஃப்ட் ப்ரோ? பெட்ரோலா டீசலா? 1.3 பெட்ரோல் வந்தது, 1.2 வந்தது, எல்லாமே ஸ்விஃப்ட்தான். எந்த வருஷ வண்டி?

நெல்லை_கியர்:
டர்போவின் தகட்டில் என்ன நம்பர் இருக்கிறது? எந்த வண்டியிலிருந்து கழற்றினார்களாம்? வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது? பட்ஜெட்?

பிஸ்டன்_பெரியவர்:
மாதாமாதம் இதே கேள்வி வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலேயே இருக்கிறது தம்பி. எத்தனை குதிரைத்திறன் வேண்டும், என்ன பெட்ரோல் ஊற்றப் போகிறாய், எந்த ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும், இந்த மூன்றுக்கும் பதில் தெரியாதவன் டர்போ கடைப் பக்கமே போகக் கூடாது. கம்ப்ரசர் மேப், அதாவது ஒரு டர்போ எவ்வளவு காற்று தள்ளும் என்று காட்டும் வரைபடம், பார்க்கத் தெரியுமா? தெரியாது என்றால் முதலில் அதைப் படித்துவிட்டு வா.

கோவை_வேகம்:
2008 விஎக்ஸ்ஐ, 1.3 பெட்ரோல். டர்போ டீசல் ஸ்விஃப்டில் இருந்தது, கேபி35 என்று போட்டிருக்கிறது. பட்ஜெட் ஒன்றரை லட்சம். எடுக்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள் அண்ணா.

ஆயில்_அருண்:
தாராளமாக எடுங்கள். 1.3 டீசலில் இருந்தது, உங்களுடையதும் 1.3. சின்ன டர்போ என்பதால் 2,000 ஆர்பிஎம்மிலேயே காற்று தள்ளும், மலைக்கு அதுதானே வேண்டும்? 0.3 பாருக்கு மேல் போகாதீர்கள், அவ்வளவுதான். பூஸ்ட் குறைவாக இருந்தால் எதுவும் ஆகாது.

மதுரை_டியூனர்:
அருண் ப்ரோ, சிசி ஒன்று என்பதற்காக டர்போ பொருந்தாது. கேபி35 என்பது 75 குதிரைத்திறன் டீசலுக்கு அளவெடுத்தது. டீசலில் டர்பைனுக்குள் வரும் வாயு 800 டிகிரி அளவில் நின்றுவிடும். பெட்ரோல் எஞ்சின் முழு லோடில் 950 டிகிரியைத் தொடும். ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் அமுக்கி ஏறினால் அந்த டர்பைன் உறை எத்தனை நாள் தாங்கும்?

கணக்குப் பாருங்கள் கோவை ப்ரோ. 1,298 சிசி, 6,000 ஆர்பிஎம், நாலு ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 3,900 லிட்டர் காற்று. சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 3,300. 0.5 பார் பூஸ்டில் அது ஒன்றரை மடங்கு, 5,000 லிட்டர் பக்கம். காற்று சூடாவதைக் கழித்தால் நிமிடத்துக்கு 5.3 கிலோ. அதில் கிராங்க்கில் 115 முதல் 120 குதிரைத்திறன் வரும். கம்பெனி கொடுத்தது 87. இந்தக் காற்றளவுக்கு என் தேர்வு, ஃபியட் லீனியா டி-ஜெட் காரில் வந்த ஐஎச்ஐ ஆர்எச்எஃப்3 டர்போ. அது 1,368 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கே செய்தது. புதுப்பேட்டையில் தேடிப் பாருங்கள். வாங்கும்முன் ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம், ஆனால் சக்கரம் உறையில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே தெரியக் கூடாது. கம்ப்ரசர் வாயில் ஆயில் குளமாக நின்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

நெல்லை_கியர்:
சிப் விஷயத்தை யாரும் பேசவில்லையே. அது பிக்கிபேக். கம்பெனி ஈசியுவுக்குப் போகும் சிக்னலை நடுவில் பிடித்து மாற்றி அனுப்பும். டர்போ இல்லாத வண்டியின் மேப் சென்சார் (எஞ்சினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்று அழுத்தம் வரைக்கும்தான் படிக்கும். பூஸ்ட் வந்தால் ஈசியுவுக்குத் தெரியவே தெரியாது. தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுக்காது, பெட்ரோலைக் கூட்டாது. நாக் (பெட்ரோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும், பிஸ்டன் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவில் உள்ள விளிம்பு) உடையும். பிக்கிபேக்கை வைத்து ஓரளவு சமாளிப்பவர்கள் உண்டு, ஆனால் ஒரிஜினல் இன்ஜெக்டரோடு இல்லை.

120 குதிரைத்திறனுக்கு மணிக்கு 33 கிலோ பெட்ரோல் வேண்டும். நாலு இன்ஜெக்டர், 80 சதவீத டியூட்டி (திறந்திருக்கும் நேரம்) என்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 230 சிசி. இப்போது பங்க்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), அதற்கு இன்னும் 7, 8 சதவீதம் சேருங்கள். 300 சிசி இன்ஜெக்டர் எடுத்தால் கவலையில்லை.

சால்டரிங்_சங்கர்:
ஸ்பீடுயினோ போடுங்கள். ஆர்டுயினோ மெகா மேல் ஓடும் திறந்த மூல ஈசியு. போர்டிலேயே 2.5 பார் வரை படிக்கும் மேப் சென்சார் உண்டு. பெரிய கம்பெனி ஈசியு வாங்கும் பணத்தில் இதையும், புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதம் அளக்கும் ஒரு வைட்பேண்ட் சென்சாரையும் வாங்கிவிடலாம், பணம் மிஞ்சும். நான் சால்டர் பண்ணித் தருகிறேன்.

பிஸ்டன்_பெரியவர்:
சால்டர் பண்ணினால் ஆச்சா? ஏசி போட்டதும் ஐடில் தூக்கணும், காலையில் குளிரில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகணும், ஃபேன் ஓடணும். கம்பெனி ஈசியு சும்மா செய்துகொண்டிருந்த வேலை இதெல்லாம். டியூன் பண்ண டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் மேடை) வாடகை யார் தருவார்கள்?

சால்டரிங்_சங்கர்:
ஏசி, ஃபேன், ஐடில் எல்லாம் ஸ்பீடுயினோவில் இருக்கிறது ஐயா. க்ராங்க் சென்சார் சக்கரத்தின் பல் அமைப்பை மட்டும் முதலில் ஸ்கோப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தெரியாமல் ஒயரிங்கில் கை வைக்கக் கூடாது. டைனோ இல்லாமலும் லாக் (ஓட்டும்போது சென்சார் பதிவு) எடுத்து ரோட்டில் மெதுவாக டியூன் பண்ணலாம்.

திருச்சி_தேவா:
இ20 என்றதும் ஞாபகம் வந்தது. 2008 வண்டியின் ரப்பர் ஹோஸ் எதுவும் இ20க்கு செய்ததில்லை. இதில் டர்போ வேறா?

ஆயில்_அருண்:
எத்தனால் டர்போவுக்கு வரம் ப்ரோ! ஆக்டேன் 108 பக்கம், உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கும். நாக் தள்ளிப்போகும்.

திருச்சி_தேவா:
வரமா? லிட்டருக்கு எரிசக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் போவது என் பாக்கெட்டிலிருந்து. நூறு ஆக்டேன் பெட்ரோல் தனியாக விற்கிறார்களே, அதைப் போட்டு ஓட்டட்டும்.

ஆயில்_அருண்:
தினம் ஆபீஸ் போகிற வண்டிக்கு எக்ஸ்பி100 போட்டுக் கட்டுப்படியாகுமா? ஹோஸ் மாற்ற ஆகும் செலவு சொற்பம். இ20 மேல் உங்களுக்கு வேறு கோபம்.

மதுரை_டியூனர்:
இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் இவர் கேட்டது அதுவல்ல. இவருக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். கேஜில் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7, 12 என்று பார்க்காமல் லாம்டாவைப் பாருங்கள், அதாவது இருக்கும் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்த எண். இ20க்குச் சரியான விகிதம் 13.5 பக்கம், ஆனால் பெட்ரோலுக்கு செட் பண்ணிய கேஜ் அப்போதும் 14.7 என்றுதான் காட்டும். பூஸ்டில் லாம்டா 0.80 பக்கம் இருந்தால் எந்த பெட்ரோலாக இருந்தாலும் குழப்பமில்லை.

சென்னை_சக்கரம்:
இவ்வளவு எதற்கு? இதை விற்றுவிட்டு ஒரு பலேனோ ஆர்எஸ் தேடுங்கள். 1.0 பூஸ்டர்ஜெட், 102 பிஎஸ், கம்பெனியே போட்ட டர்போ. ஆர்சி புத்தகத்திலும் சிக்கல் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறப்பார்.

ஈரோடு_ஸ்பானர்:
நான் பட்டறை வைத்திருக்கிறேன், ஒன்று சொல்கிறேன். டர்போ போட்ட வண்டியில் என்னிடம் அதிகம் வரும் கேஸ் ஆயில் ரிட்டர்ன்தான். டர்போவிலிருந்து ஆயில் தானாக வடிந்து சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) போகணும். குழாய் விரல் தடிமன் இருக்கணும், வளைந்து மேலே ஏறக் கூடாது, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேரணும். இல்லாவிட்டால் சீல் வழியாக ஆயில் எக்ஸாஸ்ட்டில் இறங்கி நீலம் கலந்த வெள்ளைப் புகை. உடனே டர்போ போச்சு என்று புதிது வாங்குவார்கள்.

அதற்கு முன்னாடி இன்னொன்று. தம்பி, எஞ்சின் எவ்வளவு ஓடியது என்று கேட்டார்களே, நீங்கள் இன்னும் சொல்லவில்லை. 1.3 ஸ்விஃப்ட் நாலு பேரை வைத்துக்கொண்டு வால்பாறை ஏறும். திணறுகிறது என்றால் எனக்கு எஞ்சின் மேல்தான் சந்தேகம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும்போது வரும் அழுத்தம்) பாருங்கள். நாலு சிலிண்டருக்குள் 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போ பேச்சையே எடுக்காதீர்கள்.

திருச்சி_தேவா:
இழை போட்டவர் எங்கே? சாயங்காலம் ஆகிவிட்டதே.

கோவை_வேகம்:
டர்போ எடுக்கவில்லை. வண்டி 1,38,000 ஓடியிருக்கிறது. இன்று கம்ப்ரஷன் பார்த்தோம்: 13, 13, 12.5, 10 பார். ரிங் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். எல்லோருக்கும் நன்றி, அப்புறம் எழுதுகிறேன்.

ஈரோடு_ஸ்பானர்:
ரிங் என்று எப்படி முடிவு பண்ணினார்? நாலாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாரா? எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட், செலவு வேறு. எஞ்சினைப் பிரிக்கும் முன்னால் கேளுங்கள் தம்பி.