திபெத் பிள்ளைய மட்டும் எப்படி தாய்மொழிய விடாம படிக்குதுவ?

பாளை_அம்மா:
போன மாசம் குடகு டூர் போறப்ப திபெத்திய அகதிங்க குடியிருக்க பைலகுப்பேல இறங்குனோம், அங்க சின்ன பிள்ளைய கடைக்காரங்ககிட்ட கன்னடம், இந்தி பேசிட்டு தங்களுக்குள்ள திபெத்தியன்தான் பேசுதுவ, எழுதவும் செய்யுதுவ. எம் மவ திருநவேலில இருந்துக்கிட்டே தமிழ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கா, மனசு கெடந்து அடிக்கி. அவங்க எப்படி செய்தாவ?

ஓய்வு_வாத்தியார்:
1959க்குப் பிறகு திபெத்துல இருந்து அகதியா வந்த சனங்க நெறைய பேரு மலையில ரோடு போடப் போனாவ தாயி, பிள்ளைய சீக்குல கெடந்துச்சு. 1960ல 51 பிள்ளைய தர்மசாலா வந்துச்சு, தலாய் லாமாவோட அக்கா செரிங் தோல்மா பாத்துக்கிட்டாவ, 1964ல அவங்க தவறுன பிறகு தங்கச்சி ஜெட்சுன் பெமா 2006 வரைக்கும் நடத்துனாவ, அதான் திபெத்தியக் குழந்தைகள் கிராமம்ங்கிற பள்ளிக்கூடம். சின்ன வகுப்புல பாடமெல்லாம் திபெத்திய மொழிலயே, இங்கிலீஷ் மீடியம் பிறகுதான். நான் பாத்தவரை சூட்சுமமே அதான்.

தென்காசி_சாரல்:
சார் சொன்னதோட இன்னொண்ணு, அங்க சின்ன பிள்ளையளுக்கு ஹாஸ்டல் வார்டன் கெடையாது, வீடு வீடா பிரிச்சு வீட்டுக்கு ஒரு அம்மா, ‘அமாலா’ன்னுதான் கூப்பிடுதுவ. பேச்சு அடுப்படியில வளருது. ஆனா 2008க்குப் பிறகு திபெத்துல இருந்து வாற பிள்ளைய ரொம்ப கொறஞ்சு போச்சு, இங்க இருக்கவங்களும் வெளிநாடு போறாவ, அதான் கவலையா இருக்கு.

பாளை_அம்மா:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ராத்திரி சாப்பிடுதப்ப அவளுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டப் போறேன்.