புதுப்பிப்பு: அமிகா 500 திரை நடுக்கம் பெரும்பாலும் தீர்ந்தது

அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கணினியில் 640×512 இன்டர்லேஸ் காட்சியில் (ஒற்றை வரிகளை ஒரு பாதிப் படமாகவும் இரட்டை வரிகளை இன்னொரு பாதிப் படமாகவும் மாறி மாறி வரையும் முறை) எழுத்துகள் நடுங்குகின்றன, அதிகச் செலவில்லாத மானிட்டர் எது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, அமிகா தரும் 15 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்குச் சுமார் 15,000 வரிகள்) சிக்னலை விஜிஏ என்ற கணினி மானிட்டர் இணைப்பு வழியாக ஏற்கும் பழைய எல்சிடியைத் தேடச் சொன்ன யோசனை. பெரும்பாலான விஜிஏ மானிட்டர்கள் 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. முதலில் வாங்கியது அப்படித்தான் கருந்திரை காட்டியது. அமிகாவின் 23 முள் வீடியோ இணைப்பை விஜிஏவோடு சேர்க்கும் அடாப்டர் இணைப்பின் வடிவத்தை மட்டுமே மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது மானிட்டரில் இணைத்தவுடன் படம் வந்தது.

எதிர்பாராதது ஒன்று: நடுக்கம் முழுவதும் போகவில்லை. பழைய குழாய்த் திரையில் ஒவ்வொரு வரியும் நொடிக்கு 25 முறைதான் ஒளிர்ந்து மங்கும். எல்சிடியில் அந்த மங்கல் இல்லை. ஆனால் என் மானிட்டர் இரு பாதிப் படங்களையும் ஒன்றாகக் கோக்காமல் மாறி மாறிக் காட்டுவதால், ஒற்றைப் புள்ளி தடிமனுள்ள கிடைக்கோடுகள் மேலும் கீழும் துள்ளுகின்றன.

அதற்கு மருந்து, நான் அலட்சியமாகத் தள்ளிய யோசனை: வெள்ளை, கறுப்புக்குப் பதிலாக நடுத்தரச் சாம்பல் பின்னணியில் அடர்சாம்பல் எழுத்து. காசே செலவில்லை! இதை முதலிலேயே செய்திருந்தால் பழைய குழாய்த் திரையே ஓரளவு போதுமாக இருந்திருக்கும்.

இரு பாதிப் படங்களையும் ஒன்றாகக் கோத்து அனுப்பும் ஃபிளிக்கர் ஃபிக்ஸர் அட்டையை நான் முயலவில்லை. விளையாட்டுகள் பெரும்பாலும் இன்டர்லேஸ் பயன்படுத்தாததால் அவற்றில் இந்தச் சிக்கலே எழவில்லை.