ஸ்மார்ட் மீற்றர்: சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் தலைமாடு

கொக்குவில் மருமகன்:
கூரையில் சோலர் போட ஒழுங்கு செய்கிறோம். தட்டுச் சுற்றும் பழைய கரண்ட் மீற்றரைக் கழற்றிவிட்டு, சிம் உள்ள ஸ்மார்ட் மீற்றர் பூட்ட வேண்டி வரும் என்று வேலைக்காரர் சொன்னார். மீற்றர் பார்க்க இனி ஆள் வரத் தேவையில்லையாம், கணக்கு தானாகப் போய்விடுமாம். எங்கள் மீற்றர் பலகை விறாந்தைச் சுவரில். அதே சுவரின் மறுபக்கம் மாமியின் கட்டில். மாமிக்கு நெஞ்சில், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. கதிர்வீச்சு, தீ என்று யூடியூப்பில் வருவதைப் பார்த்து வீடு இரண்டுபட்டு நிற்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

நல்லூர் அக்கா:
வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கோ. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011 இலேயே இந்த வகை அலைகளை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற 2பி பட்டியலில் போட்டுவிட்டது. போன் என்றால் இரவில் அணைத்து வைக்கலாம். சுவரில் பூட்டியதை யார் அணைப்பது?

வயறிங் தம்பி:
அக்கா, முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே 2பி பட்டியலில் இருக்கிறது. அதைக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லிப் போன மாதம் எழுதியது நீங்கள்தான். சான்று போதாது, ஆனால் ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது என்கிறவற்றைத்தான் அந்தப் பட்டியலில் போடுவார்கள்.

சிம் மீற்றருக்குள் இருப்பது போனில் உள்ள அதே வகை மோடம். போனைக் காதோடு ஒட்டுகிறோம், மீற்றர் சுவருக்கு அப்பால் இருக்கிறது. தூரம் இரு மடங்கானால் அலையின் செறிவு கால்வாசியாகும். அதுவும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்காது. பதிவுகளை உள்ளே சேர்த்து வைத்து, இடைக்கிடை அனுப்பும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் போனை 15 சென்ரிமீற்றர் தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை. கட்டிலை ஒரு முழம் இழுத்துவிட்டு, மாமியைப் பார்க்கும் டொக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கோ.

நல்லூர் அக்கா:
கற்றாழை வேண்டாம் என்றால் நிறுத்தலாம் தம்பி. அதுதான் வித்தியாசம்.

சுன்னாகத்தான்:
ஆபத்தில்லை என்று மேலிருந்து வரும் பேச்சை எங்கள் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் எங்கள் கிணறுகளில் கலந்த விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல்தான் 2 கோடி ரூபா நட்டஈட்டுக்குத் தீர்ப்பு வந்தது. மீற்றருக்கும் அப்படிக் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

வயறிங் தம்பி:
கிணற்றுத் தண்ணீரை அள்ளி, பரிசோதித்து, எண்ணெய் இருக்கிறது என்று காட்ட முடிந்தது. அதே 2019 இல் யாழ்ப்பாண மாநகர சபையின் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களை 5ஜி என்று சொல்லி மறித்தார்களே, அங்கே யார் எதை அளந்து காட்டினார்கள்? இரண்டையும் ஒன்றாகப் பிசையாதேங்கோ.

ஸ்கார்பரோ சித்தப்பா:
இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் இது வருடக்கணக்காக எல்லா வீட்டிலும் இருக்கிறது. இரவில் விலை குறைவு, உடுப்புத் தோய்ப்பதே இரவில்தான். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நல்லூர் அக்கா:
சித்தப்பா செய்தி பார்ப்பதில்லை போல. 2014 இல் அதே கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் எட்டு மீற்றர்கள் தீப்பிடித்து, ஒரு லட்சத்துக்கு மேல் கழற்றச் சொன்னார்கள். அடுத்த வருடம் உங்கள் ஒன்ராறியோவிலேயே 5,400 கழற்ற உத்தரவு வந்தது.

வயறிங் தம்பி:
இது நல்ல கேள்வி. அலையை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அங்கே மீற்றரைப் பின்பக்கத் தாடைகளில் குத்திச் செருகுவார்கள். இங்கே அடியில் வயரை நுழைத்து ஸ்குரூவால் இறுக்குகிறோம். ஆகவே நாம் பார்க்க வேண்டியது அந்த ஸ்குரூவை. சரியாக இறுகாத இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே, 30 அம்பியர் இழுக்கும்போது 45 வாற் சூடு அந்தச் சின்ன இடத்திலேயே பிறக்கும். சோல்டரிங் அயன் ஒன்றைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போட்டு மூடிய மாதிரி. பழைய மீற்றரிலும் இதே ஆபத்து உண்டு. ஆனால் மாற்றும் நாளில்தான் வருடக்கணக்காக அசையாத வயரை ஆட்டுகிறார்கள். அலுமினிய வயர் என்றால் இன்னும் கவனம்: மேலே படலம் பிடிக்கும், காலப்போக்கில் நெகிழும், எங்கள் உப்புக்காற்றும் சேரும்.

பூட்டும்போது பக்கத்தில் நின்று, வயர் நுனியைப் புதிதாகச் சீவி இறுக்கச் சொல்லுங்கோ. பிறகு ஏசி, மோட்டர், அயன் எல்லாம் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரத்தில் மீற்றர் அடியில் பிளாஸ்ரிக் மணம் வருகிறதா என்று பாருங்கோ. மணந்தாலோ இரைந்தாலோ முத்திரையை நீங்கள் உடைக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கோ.

பூட்டிய வீடு:
நான் லண்டனில், வீடு உரும்பிராயில். எனக்குத் தீயும் அலையும் பெரிதில்லை. மணிக்கணக்கில் கரண்ட் பாவனை பதிவானால் எந்த வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். அந்தப் பதிவு யார் கையில் இருக்கும்? 2009 இல் நெதர்லாந்தின் மேலவை, இந்த மீற்றரைக் கட்டாயமாக்கும் சட்டத்தைத் தனியுரிமைக்காகவே ஏற்க மறுத்தது.

வயறிங் தம்பி:
இதில் உங்கள் பக்கம்தான் நானும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களிடமும் இருக்கிறது. யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கோ. சில மீற்றர்களில் தூரத்திலிருந்தே கரண்டை வெட்டும் சுவிச் இருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கோ.

கணக்கு வாத்தியார்:
பில்லை மறந்துவிட்டீர்கள். நெதர்லாந்தின் ருவென்ரே பல்கலைக்கழகம் 2017 இல் ஒன்பது மீற்றர்களைச் சோதித்தது. ஐந்து உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டின, உச்சம் 582 வீதம்.

வயறிங் தம்பி:
இரண்டு 30 வீதம் குறைத்துக் காட்டியதையும் சொல்லுங்கோ வாத்தியார். மங்கலாக்கிய எல்இடி போன்ற, மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுக்கும் சாமான்களை வைத்துச் செய்த சோதனை அது. சந்தேகம் என்றால் பழைய பில்களை வைத்து ஒப்பிடலாம்.

கொக்குவில் மருமகன்:
அப்படியென்றால் பலகையையே மதிலுக்கு மாற்றிவிட்டால் என்ன?

நல்லூர் அக்கா:
அதைச் செய்யுங்கோ. மாமி நித்திரை கொள்ளட்டும்.

வயறிங் தம்பி:
கூரையில்லாத மதில் வேண்டாம். சஸ்காச்சுவானில் மழைத் தண்ணீரும் அழுக்கும் உள்ளே போனதைத்தான் பெரிய காரணமாகச் சொன்னார்கள். கார்த்திகை மழையில் இங்கேயும் அதுதான் நடக்கும். கராஜ் சுவர் இருக்கிறதா?

கொக்குவில் மருமகன்:
இருக்கிறது. ஆனால் மாமா அங்கே ஆடு கட்டுவார்.

வயறிங் தம்பி:
ஆட்டால் பிரச்சினை இல்லை. பலகையை உயர அடித்து, வயரைப் பைப்புக்குள் விடச் சொல்லுங்கோ.