நுரைக்காகவே குடிக்கும் தெஹாத்தே

மெக்சிகோவின் வஹாக்காவுக்குப் போகிறவர்கள் மெஸ்கால் என்ற மதுவையும் சாக்லேட்டையும் தேடிப் போவார்கள். எனக்கு அந்த ஊர் என்றால் மக்காச்சோளமும் கொக்கோவும் கலந்த தெஹாத்தே என்ற பானம்தான். ஞாயிற்றுக்கிழமை கூடும் த்லாக்கோலூலா சந்தையில் குடித்தேன். அகன்ற மண் தொட்டி, அதன் மேல் திட்டுத் திட்டாக வெள்ளை நுரை. முதல்முறை பார்ப்பவருக்குப் பால் திரிந்தது போலத் தோன்றும். தயங்காமல் வாங்குங்கள். விற்ற அம்மா வண்ணம் தீட்டிய குடுவையில் சர்க்கரைப் பாகை விட்டு, பானத்தை மொண்டு ஊற்றி, கேட்காமலேயே மேலே இன்னும் கொஞ்சம் நுரையை அள்ளி வைத்தார்.

அந்த நுரை சும்மா வருவதில்லை. மக்காச்சோளத்தை விறகுச் சாம்பல் கலந்த தண்ணீரில் வேகவைத்துக் கழுவி எடுக்கிறார்கள். கொக்கோ விதை, மாமே பழத்தின் கொட்டை, வாசனைக்கு ஒரு காய்ந்த பூ ஆகியவற்றை வறுத்துச் சேர்த்து மையாக அரைக்கிறார்கள். அந்தப் பூவைக் 'கொக்கோ பூ' என்பார்கள், ஆனால் அது பூப்பது வேறு மரத்தில். பிறகு அந்த மாவைத் தொட்டியில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து வெறுங்கையால் பிசைய வேண்டும். நன்றாக இளகியதும் குளிர்ந்த தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்ற, கொக்கோவிலும் மாமே கொட்டையிலும் உள்ள கொழுப்பு நுரையாகத் திரண்டு மேலே வந்துவிடும். பார்க்கும்போதே நமக்குக் கை வலிக்கும்.

வஹாக்கா நகருக்குப் பக்கத்திலிருக்கும் சான் ஆந்த்ரேஸ் வயாபம் கிராமத்துப் பெண்கள் இதில் பேர்போனவர்கள். அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும் தொழில் அது. தெஹாத்தேவுக்கென்றே அங்கே திருவிழாவும் நடக்கிறது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இருந்த பானம், இன்றும் அன்றாடம் தாகத்துக்குக் குடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

---

தெஹாத்தே பற்றி மேலே ஒருவர் எழுதியதைப் படித்ததும், மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் நான் குடித்த போசோல் என்ற பானம் நினைவுக்கு வந்தது. அதுவும் மக்காச்சோளமும் கொக்கோவும்தான், ஆனால் நுரைக்கு அங்கே மதிப்பில்லை. பசி தாங்க வேண்டும், அவ்வளவுதான். வெந்த சோளத்தையும் வறுத்த கொக்கோவையும் அரைத்து உருண்டையாகப் பிடித்து வைப்பார்கள். வயலுக்குப் போகிறவர் அந்த உருண்டையை இலையில் பொதிந்து எடுத்துப் போய், வேண்டும்போது தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். ஓரிரு நாள் வைத்துப் புளித்த பின் குடிப்பதும் உண்டு. எனக்கு அந்தப் புளிப்புதான் பிடித்தது.

போசோல் குடிக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவெல்லாம் அடியில் தங்கிவிடும்.