என்பிஏ 2016-17 விருதுகள்: ஓட்டுக் கணக்கு எப்படி, அட்டவணையில எங்கே தப்பு வரும்?

தூரப்பந்து கேட்டது:

2016-17 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சீசன் விருதுகளை ஒரே அட்டவணையா போட்டு, அதுல இருந்து வினாடி வினாவுக்குக் கேள்வி எடுக்கிறேன். பேருங்க எல்லாம் கைக்கு வந்தாச்சு. ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல.

எம்விபி (மிகச் சிறந்த வீரர்) கட்டத்துல ரஸல் வெஸ்ட்புரூக், கெவின் டுரான்ட், ஆன்டனி டேவிஸ்னு மூணு பேர் வர்றாங்க. வெஸ்ட்புரூக்தான் சரின்னா, மேற்குப் பிரிவுல ஆறாவது இடத்துல முடிச்ச டீமோட ஆளுக்கு எப்படிக் கொடுத்தாங்க? புதுமுக வீரர் விருதுல மால்கம் பிராக்டன் சராசரி 10.2 புள்ளி, ஜோயல் எம்பீட் 20.2. பாதி புள்ளி எடுத்தவர் ஜெயிச்சதை ஒரு வரியில எப்படி விளக்குறது? ஆறாவது வீரர் விருதுல (பெஞ்ச்ல இருந்து இறங்குற சிறந்த ஆளுக்குக் கொடுக்கிறது) மூணாவதா வந்த லூ வில்லியம்ஸை ஒரு இடத்துல லேக்கர்ஸ்னும் இன்னொரு இடத்துல ராக்கெட்ஸ்னும் போட்டிருக்காங்க. ஓட்டுப் புள்ளிகளைச் சரிபார்க்க ஏதாவது வழி இருந்தா அதையும் சொல்லுங்க.

ஸ்கோர் மேசை எழுதியது:

மூணு பேருமே சரிதான், விருதுதான் வேற வேற. வெஸ்ட்புரூக் வாங்கினது ரெகுலர் சீசன் (நாக்அவுட் சுற்றுகளான பிளேஆஃபுக்கு முந்தின லீக் ஆட்டங்கள்) எம்விபி. டுரான்ட் வாங்கினது இறுதித் தொடரோட எம்விபி. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கிளீவ்லேண்டை 4-1னு ஜெயிச்ச தொடர் அது. டேவிஸ் வாங்கினது நட்சத்திர வீரர்கள் ஆடுற ஆல்-ஸ்டார் ஆட்டத்தோட எம்விபி. நியூ ஆர்லியன்ஸ்ல நடந்த அந்த ஆட்டத்துல அவர் 52 புள்ளி எடுத்து வில்ட் சேம்பர்லினோட பழைய 42ஐ முறியடிச்சார். அட்டவணையில 'எம்விபி'ன்னு மொட்டையா ஒரு தலைப்பு வச்சா இந்தக் குழப்பம் வந்தே தீரும். மூணு வரியா பிரிச்சிடுங்க.

ஓட்டுக் கணக்கைச் சரிபார்க்க நல்ல வழி இருக்கு. எம்விபி ஓட்டுச்சீட்டுல அஞ்சு பேர் எழுதணும். முதல் இடத்துக்கு 10, அப்புறம் 7, 5, 3, 1. ஆக ஒரு சீட்டுக்கு மொத்தம் 26 புள்ளி. அந்த வருஷம் 100 ஊடகக்காரங்க ஓட்டு, ரசிகர்கள் ஓட்டெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு சீட்டு, மொத்தம் 101. 101ஐ 26ஆல பெருக்கினா 2,626. எல்லாரோட புள்ளியையும் கூட்டினா இந்த எண் வரணும்.

கூட்டிப் பாருங்க. வெஸ்ட்புரூக் 888, ஜேம்ஸ் ஹார்டன் 753, கவாய் லெனர்ட் 500, லெப்ரான் ஜேம்ஸ் 333. இதுவரைக்கும் 2,474. மிச்சம் 152. ஐசயா தாமஸ் 81, ஸ்டெஃபன் கரி 52, யானிஸ் அன்டெட்டோகுன்போ 7, ஜான் வால் 7, டேவிஸ் 2, டுரான்ட் 2, டிமார் டிரோசன் 1. சரியா 152 வந்து உட்காருது. முதல் இட ஓட்டும் அப்படியே: 69, 22, 9, 1. கூட்டினா 101.

பல பேர் 100ஆல பெருக்கிட்டு, 26 புள்ளி இடிக்குதேன்னு தேடுவாங்க. ரசிகர் சீட்டு எம்விபிக்கு மட்டும்தான் இருந்துச்சு. தற்காப்பு வீரர், புதுமுகம், ஆறாவது வீரர் மாதிரி விருதுகளுக்கு 100 சீட்டு, மூணு பேர், 5-3-1. அங்க மொத்தம் 900.

டீம்கள் சம்பளம் கொடுக்கிற வர்ணனையாளர்களை ஓட்டுப் பட்டியல்ல இருந்து எடுத்ததும் இதே சீசன்லதான். அதனால முந்தின வருஷங்களோட மொத்தப் புள்ளியை இதோட ஒப்பிடாதீங்க, சீட்டு எண்ணிக்கையே வேற.

மூன்றாம் கால்பகுதி எழுதியது:

ஆறாவது இடம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வெஸ்ட்புரூக்கின் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அந்த சீசனில் 47 வெற்றி, 35 தோல்வி. 82 ஆட்டமும் நடந்த முழு சீசன்களில், 50 வெற்றிக்குக் குறைவான அணியிலிருந்து எம்விபி வந்தது 1981-82க்குப் பிறகு அதுவே முதல் முறை. அன்று வாங்கியவர் மோசஸ் மலோன், அவருடைய ஹூஸ்டன் 46 வெற்றி. உங்கள் வினாடி வினாவுக்கு இது நல்ல கேள்வியாக அமையும்.

வெஸ்ட்புரூக் 81 ஆட்டங்களில் 2,558 புள்ளி, 864 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), 840 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்). சராசரியாக 31.6, 10.7, 10.4. சீசன் முழுவதும் ட்ரிபிள் டபுள் (இந்த மூன்றும் இரட்டை இலக்கம்) சராசரி வைத்திருந்தவர் அதற்கு முன் ஆஸ்கர் ராபர்ட்சன் ஒருவர்தான், 1961-62இல். ராபர்ட்சனின் 41 ட்ரிபிள் டபுள் சாதனையும் சேர்ந்தே விழுந்தது, வெஸ்ட்புரூக் 42. அந்த 42ஆவது வந்தது 2017 ஏப்ரல் 9, டென்வரில்: 50 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், நேரம் முடியும் மணியோடு வெகு தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளி. ஆட்டம் 106-105. அந்த ஒரே எறிதலில் டென்வரின் பிளேஆஃப் வாய்ப்பும் முடிந்தது. ஓட்டு போடுபவர்கள் சீட்டை நிரப்பப் போகிற வாரத்தில் இப்படி ஒரு இரவு.

ஹார்டன் பக்கத்து நியாயமும் கனமானது, அதை அட்டவணையின் குறிப்பில் விட்டுவிடாதீர்கள். 81 ஆட்டம், 29.1 புள்ளி, லீக்கிலேயே அதிகமாக 11.2 அசிஸ்ட், 8.1 ரீபவுண்ட். அவருடைய ஹூஸ்டன் ராக்கெட்ஸ் முந்தைய சீசனில் 41-41, இந்த சீசனில் 55-27. அந்த உயர்வுக்கான பலனைச் சிறந்த பயிற்சியாளர் விருதாக மைக் டி'ஆன்டோனி பெற்றார். என் கணிப்பில் 47 வெற்றிக்கும் 55 வெற்றிக்கும் உள்ள இடைவெளியை மூடியது டுரான்ட் போன பிறகு தண்டரை வெஸ்ட்புரூக் தனியாகத் தூக்கிச் சுமந்த விதம். அவர் களத்தில் இருந்த நேரத்தில் அணியின் வாய்ப்புகளில் 41.7 சதவீதம் அவர் கையில்தான் முடிந்தது. அந்த யூசேஜ் அளவு அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை.

சீட்டுகளும் இதையே காட்டுகின்றன. ஹார்டனின் 753இல் முதல் இடத்துக்கான 220ஐக் கழித்தால் 533. மற்ற 79 சீட்டிலும் அவர் இரண்டாவதாக இருந்திருந்தால் 553. வெறும் 20 புள்ளிதான் குறைகிறது. அதாவது அவரை மூன்றாவது இடத்துக்குத் தள்ளியவர்கள் மிகக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. முதல் சுற்றில் ஹூஸ்டன் தண்டரை 4-1 என்று வென்றது. "தோற்ற அணிக்கு ஏன் எம்விபி" என்று கேள்வி வைக்காதீர்கள். ஓட்டு ரெகுலர் சீசனுக்கு உரியது, பிளேஆஃபுக்கு முன்பே சீட்டுகளை வாங்கிவிடுவார்கள். முடிவை அறிவித்ததுதான் தாமதம்: அந்த வருடம் முதல் முறையாக எல்லாவற்றையும் ஒரே விழாவில், 2017 ஜூன் 26 அன்று நியூயார்க்கில் அறிவித்தார்கள். இறுதித் தொடர் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தேதிக் கட்டத்தில் ஜூன் 26 என்று போட்டால் பக்கத்தில் 'அறிவிப்பு' என்றும் எழுதுங்கள்.

பெஞ்ச் பலம் எழுதியது:

புதுமுக விருதுக்கு ஒரு வரி விளக்கம் வேணும்னா ஆட்ட எண்ணிக்கையை வைங்க. பிராக்டன் 75 ஆட்டம், எம்பீட் 31. எம்பீட் ஆட்டத்துக்கு சுமார் 25 நிமிஷம்தான் ஆடினார், ஜனவரி கடைசியில முழங்காலோட சீசனே முடிஞ்சுபோச்சு. மொத்த நிமிஷம் 800ஐக் கூடத் தொடல. பிராக்டன் கிட்டத்தட்ட 2,000 நிமிஷம்.

ஓட்டைப் பாருங்க: பிராக்டன் 414, டாரியோ சாரிச் 266, எம்பீட் 177. முதல் இடம் 64, 13, 23. இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? முதல் இட ஓட்டு சாரிச்சை விட எம்பீடுக்கு அதிகம், ஆனா மொத்தத்துல அவர் மூணாவது. காரணத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். 23 முதல் இடம்னா 115 புள்ளி. 177ல அது போக 62. மிச்சம் இருக்கிறது 77 சீட்டு. எல்லாமே மூணாவது இடம்னு வச்சாக்கூட 62 சீட்டுல அந்த 62 வந்துடும். அப்போ குறைஞ்சது 15 சீட்டுல அவர் பேரே இல்ல. 31 ஆட்டம் ஆடினவரை எழுதவே மாட்டேன்னு முடிவு பண்ணினவங்க அத்தனை பேர். சாரிச் 81 ஆட்டம் ஆடினவர்; அவரை ரெண்டாவதா எழுதினவங்கதான் ரொம்ப அதிகம்.

பிராக்டனுக்கும் இதே மாதிரி போடலாம். 64 பெருக்கல் 5, 320. மிச்சம் 94, சீட்டு 36. ரெண்டாவது இடம் 29, 30, 31 இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்க முடியும். 28னு வச்சா 38 சீட்டு தேவைப்படும், இருக்கிறதோ 36. 32னு வச்சா 96, தாண்டிடும்.

'புதுமுகம்'ங்கிற வார்த்தையிலயும் வழுக்கும். சாரிச்சும் எம்பீடும் 2014 டிராஃப்ட்ல (டீம்கள் புது வீரர்களை வரிசையா தேர்ந்தெடுக்கிற முறை) எடுக்கப்பட்டவங்க, பிராக்டன் 2016. எந்த வருஷம் டிராஃப்ட் ஆனார்ங்கிறது கணக்கு இல்ல, முதல் என்பிஏ சீசன் எதுங்கிறதுதான் கணக்கு. 2016ல முதல் ஆளா எடுக்கப்பட்ட பென் சிம்மன்ஸ் காயத்தால ஒரு ஆட்டம்கூட ஆடாம, அடுத்த சீசன்ல இந்த விருதை வாங்கினதும் அதனாலதான். பிராக்டன் 36ஆவதா, ரெண்டாவது சுற்றுல எடுக்கப்பட்டவர். 1966க்கு அப்புறம் ரெண்டாவது சுற்றுல இருந்து வந்து இதை ஜெயிச்ச முதல் ஆள். 1966ங்கிற எல்லையைக் கேள்வியில கண்டிப்பா சேருங்க, அதுக்கு முன்னாடி டிராஃப்ட் முறையே வேற.

லூ வில்லியம்ஸ் விஷயம்: லேக்கர்ஸுக்கு 58 ஆட்டம், 2017 பிப்ரவரியில டிரேட் ஆகி ராக்கெட்ஸுக்கு 23. ரெண்டு டீம் பேரையும் போடுங்க. ஜெயிச்ச எரிக் கார்டனும் ராக்கெட்ஸ்தான், 318 புள்ளி; ரெண்டாவது வாரியர்ஸோட ஆன்ட்ரே இக்வடாலா, 288. சீசன் முடியிறப்போ முதல் மூணு பேர்ல கார்டன், வில்லியம்ஸ் ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்ல. இந்த விருதுக்கு விதி, தொடக்க அஞ்சு பேர்ல இறங்கின ஆட்டத்தை விட பெஞ்ச்ல இருந்து வந்த ஆட்டம் அதிகமா இருக்கணும். கார்டன் 75ல 15 ஆட்டம் ஆரம்பத்துலயே இறங்கியிருக்கார், தகுதிக்கு அது தடை இல்ல.

தூரப்பந்து எழுதியது:

ரொம்ப நன்றிங்க. 2,626 போட்டுப் பார்த்தேன், என் அட்டவணையில கரிக்கு 25னு தப்பா இருந்தது உடனே மாட்டிக்கிச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். இப்போ இருக்கிற 65 ஆட்ட விதியை (விருதுக்குத் தகுதி பெற குறைஞ்சது அத்தனை ஆட்டம் ஆடணும்) வச்சு எம்பீட் தகுதி இல்லைன்னு எழுதலாமா? ஆல்-என்பிஏ டீம்களையும் (சீசனோட சிறந்த 15 பேரை அஞ்சஞ்சா மூணு டீமா அறிவிக்கிறது) அட்டவணையில சேர்க்கணுமா?

ஸ்கோர் மேசை எழுதியது:

எழுதாதீங்க, ரெண்டு வகையில தப்பாகும். அந்த விதி 2023-24லதான் வந்துச்சு. இன்னொண்ணு, புதுமுக விருதுக்கும் ஆறாவது வீரர் விருதுக்கும் அது இன்னைக்கும் கிடையாது. எம்விபி, தற்காப்பு வீரர், அதிக முன்னேற்றம், ஆல்-என்பிஏ, ஆல்-டிஃபென்ஸ் இதுக்குத்தான். அந்த விதியை வச்சுக் கேள்வி கேட்கணும்னா டுரான்டை எடுங்க: 62 ஆட்டம் மட்டும் ஆடி ஆல்-என்பிஏ ரெண்டாவது டீம்ல இடம் பிடிச்சார். இன்னைக்கு அது நடக்காது.

ஆல்-என்பிஏவைக் கட்டாயம் சேருங்க. முதல் டீம் வெஸ்ட்புரூக், ஹார்டன், லெப்ரான், லெனர்ட், டேவிஸ். அப்போ ரெண்டு கார்டு, ரெண்டு ஃபார்வர்டு, ஒரு சென்டர்னு இடம் பார்த்து ஓட்டு போட்டாங்க. டேவிஸ் சென்டரா உள்ள வந்தார், ரூடி கோபேர் ரெண்டாவது டீம் போனார். இடம் பார்க்காம ஓட்டு போடுறதும் 2023-24ல வந்த மாற்றம்தான்.

இதுல பணமும் இருக்கு. லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2017 ஒப்பந்தப்படி, எட்டு ஒன்பது வருஷ அனுபவம் உள்ள வீரர் தன் டீம்கிட்ட, டீமோட மொத்தச் சம்பள உச்சவரம்புல 35 சதவீதத்துல ஆரம்பிக்கிற ஒப்பந்தம் வாங்கணும்னா எம்விபி, தற்காப்பு வீரர் விருது, ஆல்-என்பிஏ இதுல ஒண்ணு வேணும். அந்த வருஷம் மூணு டீம்லயும் கார்டன் ஹேவர்டும் இல்ல, பால் ஜார்ஜும் இல்ல. அதே கோடையில ஹேவர்ட் யூட்டாவை விட்டு பாஸ்டன் போனார், ஜார்ஜை இண்டியானா தண்டருக்கு டிரேட் பண்ணுச்சு. பழைய டீம்தான் அதிகப் பணம் தர முடியும்ங்கிற பிடி கைநழுவின பிறகு நடந்தது அது. மூணாவது டீம் ஃபார்வர்டு ரெண்டு பேர் ஜிம்மி பட்லர், டிரேமண்ட் கிரீன். கிரீன் பக்கத்துல இன்னொரு குறிப்பு போடுங்க: அவர் அந்த வருஷம் தற்காப்பு வீரர் விருதும் வாங்கினவர், கோபேரோட 269க்கு எதிரா 434.

மூன்றாம் கால்பகுதி எழுதியது:

அதிக முன்னேற்ற விருதுக்கு யானிஸ் பெயரோடு ஒரு திருத்தமும் சேர்த்துக்கொள்ளுங்கள். "புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் முதல் 20 பேரில் வந்த முதல் வீரர்" என்று எழுதுகிறபோது 'மொத்த எண்ணிக்கையில்' என்ற சொல் விடுபடக் கூடாது. அது சராசரியில் வந்த சாதனை அல்ல. அவர் 80 ஆட்டம் ஆடியதும் அதற்கு ஒரு காரணம்.

விருது கொடுப்பவர் யார் என்று ஒரு கட்டமும் வையுங்கள். சிறந்த நிர்வாகி விருது (வாரியர்ஸின் பாப் மையர்ஸ்) அணி நிர்வாகிகளின் ஓட்டு. சக வீரர் விருது (டிர்க் நோவிட்ஸ்கி), விளையாட்டுப் பண்பு விருது (கெம்பா வாக்கர்) இரண்டும் வீரர்களின் ஓட்டு. விழாவில் கொடுத்த சிறந்த டங்க் போன்றவை ரசிகர்கள் தேர்ந்தெடுத்தவை, அவற்றைத் தனி அட்டவணையாக வைப்பதே நல்லது. ராபர்ட்சனின் 1961-62ஐ ஒப்பிடும் கேள்விக்கும் இந்தக் கட்டம் உதவும். அன்று எம்விபி ஓட்டு வீரர்கள் கையில் இருந்தது, அவர்கள் பில் ரஸலைத் தேர்ந்தெடுத்தார்கள். ட்ரிபிள் டபுள் சராசரி வைத்த ராபர்ட்சன் மூன்றாவது, ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்த சேம்பர்லின் இரண்டாவது. ஊடக ஓட்டு வந்தது 1980-81இல்.